‘என்ன’ என்றால் எழுந்து வரும் நாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. விடை எனக்குத் தெரியும். ஆனால் தொலைபேசியில் சொல்லப் போனால் நீ சொல்வதில் பாதி எனக்குக் கேட்காது, நான் சொல்வதில் பாதியை நீ "ஓமப்பா, ஓமப்பா" என்றே கடத்திவிடுவாய். மீளக் குடியேறிய காலத்திலிருந்து அரிசி மில்லில் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனுடைய காது வேறு எப்படி இருக்கும்? அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ இடையில் புகுந்து கதைக்க முடியாது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்டது இதுதான். "அப்பா, காப்பகத்திலயிருந்து ஒரு நாய் எடுப்பமெண்டு நானும் இவளும் யோசிக்கிறம். ரெண்டு பேரும் விடிய வேலைக்குப் போனாப் பொழுதுபடத்தான் வாறம். பகல் முழுக்க அதைத் தனிய விடுறது பாவமோ?" மெல்பேணில் இத்தனை பேர் இருக்க, நாயைப் பற்றி முல்லைத்தீவில் இருக்கிற என்னிடம் கேட்கிறாயே என்று எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம் ஏனென்றால் நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லிக்கொண்டு வருகிறேன். இரண்டு மூன்று தரம் நீ, "அப்பா, ஆரோ பக்கத்தில நிண்டு மூச்சு வாங்கிற மாதிரிக் கேக்குது" என்று கேட்டாய். "அது ஃபான். பழசாப் போச்சு" என்று சொன்னேன். அது ஃபான் இல்லை. ஜிம்மி. வைகாசி மாதத்திலிருந்து இந்த வீட்டில் ஒரு நாய் இருக்கிறது.

ஏன் மறைத்தேன் என்றால், "இந்த வயசில உங்களுக்கேன் இந்தக் கரைச்சல்" என்பாய். அதைக்கூடத் தாங்கலாம். ஏன் எடுத்தீர்கள் என்று அடுத்ததாகக் கேட்பாயே, அதற்கு என்ன சொல்வது? ஊருக்குக் கள்ளர் பயம் என்று சொல்லிவைத்தேன். இந்த வீட்டுக்குள் வருகிற கள்ளன் என்மேல் பாவம் பார்த்து எதையாவது வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். உண்மை வேறு. அம்மா போன பிறகு, சனிக்கிழமை பின்னேரம் மில் பூட்டினால் திங்கட்கிழமை காலைவரை எனக்குக் கதைக்க ஆளில்லை. ஞாயிறில் நீ எடுப்பாய். எடுக்க முடியாத ஞாயிறுகளும் உண்டு. அப்படி ஒரு ஞாயிறு கழிந்த திங்கள் மில்லுக்குப் போய், "மோட்டரைப் போடடா" என்று பொடியனுக்குச் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காறித் துப்பிவிட்டு மறுபடியும் சொன்னேன். "ஐயாவுக்குத் தடிமனோ?" என்று கேட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டேன். தடிமன் இல்லை தம்பி. ஒன்றரை நாளாக அந்தக் குரலுக்கு வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

புதுக்குடியிருப்பில் சுகந்தி என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். மிருக வைத்தியரின் கந்தோரில் வேலை. தெருவில் அடிபட்டது, ஆட்கள் விட்டுவிட்டுப் போனது என்று கிடைக்கிற நாய்களையெல்லாம் தன் வீட்டுப் பின்வளவில் வைத்துப் பார்த்து, ஊசி போட்டு, நல்ல இடமாகப் பார்த்துக் கொடுப்பாள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அப்படி விசாரிக்கமாட்டார்கள். "ஐயா வேலைக்குப் போறனீங்கள். வீட்டில வேற ஆக்களும் இல்லை. பகல் முழுக்க அது தனிய எல்லோ நிக்கும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளை, இந்த ஊரில ஆர்தான் தனிய நிக்கேல்ல? நாய் நிண்டா என்ன?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, மூலையில் படுத்திருந்த ஒரு கபில நிற நாயைக் காட்டினாள். நாலு வயது இருக்கும், சண்டைக்குப் போகாது, குரைக்காது, கூப்பிட்டால் வராது, அதனால் யாரும் எடுக்கிறார்கள் இல்லை என்றாள். கூப்பிட்டால் வராத ஒன்று எனக்குப் பழக்கமானதுதான் என்று நினைத்துக் கொண்டேன். இந்த வசனத்தை வாசித்துவிட்டுக் கோபிக்காதே.

மூன்று நாள் லீவு போட்டேன். மில் முதலாளி, "என்ன, வீட்டில கலியாணமோ?" என்று கேட்டார். அந்த மூன்று நாளும் ஜிம்மி வேப்பமரத்துக்குக் கீழே படுத்தபடி என்னைப் பார்த்தது. "வா" என்றேன், வரவில்லை. "இரு" என்றேன், எழும்பிப் போய்விட்டது. சோற்றைக் கோப்பையில் வைத்துவிட்டு நான் உள்ளே போனபிறகுதான் தின்றது. சரி, இதற்கும் என்னைப்போல் காது மந்தம் போலிருக்கிறது, நல்ல சோடிதான் என்று நினைத்தேன். நாலாம் நாள் மில்லுக்குப் போகவேண்டும். இங்கேதான் முதல் பிழை விட்டேன், நீ விடாதே. மூன்று நாள் முழுக்கக் கூடவே இருந்துவிட்டு, நாலாம் நாள் ஒரேயடியாகக் காலை முதல் மாலைவரை காணாமல் போனேன். முதலில் சந்திவரை போய்த் திரும்பியிருக்க வேண்டும். பிறகு கடைவரை போய்த் திரும்பியிருக்க வேண்டும். போகிறவன் திரும்பி வருவான் என்று அதற்குச் சின்னச் சின்னதாகக் காட்டியிருக்க வேண்டும். நான் சங்கிலியில் கட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

பின்னேரம் வந்து இறங்கியதும் பக்கத்து வளவு றீற்றா அன்ரி வேலியடியில் நின்றா. "அண்ணை, நீங்கள் படலையைச் சாத்தின நேரம் தொடங்கினது, இப்பதான் நிப்பாட்டினது. இந்த ஊளையைக் கேக்க எனக்கு நெஞ்சு பதறுது. வேற எங்கயாவது குடுங்கோ" என்றா. அவா அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஆளில்லை என்று உனக்குத் தெரியும். அம்மா வருத்தமாய்ப் படுக்கையில் கிடந்த காலத்தில் அவாதான் கஞ்சி கொண்டுவந்து தருவா. எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது. அடுத்த நாள் சத்தம் வெளியே கேட்காது என்று குசினிக்குள், அடுப்படியில், பூட்டிவிட்டுப் போனேன். அது இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது. வந்து பார்த்தால் கதவின் கீழ்ப்பலகை கிழிந்து கிடந்தது. ஜிம்மியின் வாயெல்லாம் இரத்தம். பல் முரசில் பலகைச் சிராய் ஏறியிருந்தது. நான் அதைப் பிடித்து எடுக்கும்போது அது என்னைக் கடிக்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. படலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சுகந்திக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறேன் என்று சொன்னேன்.  மெதுவாக, "சரி ஐயா, கொண்டு வாங்கோ. ஆனா ஒருக்காத் திரும்பி வந்த நாயை இனி ஆரும் எடுக்க மாட்டினம்" என்றாள். சாபம் போடுவதற்குச் சத்தம் தேவையில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிறு காலை நீ எடுத்தாய். உனக்கு நினைவிருக்காது. இணைப்பு சரியில்லை, வெட்டி வெட்டி வந்தது. நான் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜிம்மியைக் கொண்டுபோவதற்கு மில் பெட்டியொன்றைப் பின்னால் கட்டியாகிவிட்டது. அது வேப்பமரத்துக்குக் கீழே படுத்திருந்தது. நீ ஏதோ சொன்னாய். "என்ன?" என்றேன். ஜிம்மி தலையைத் தூக்கியது. நீ மறுபடி சொன்னாய். "என்ன? என்ன?" என்றேன். எழுந்து வந்தது. நீ வேலையில் நேரம் மாறிவிட்டது என்றோ என்னவோ சொல்ல, நான் இன்னும் உரத்து "என்ன?" என்றேன். வந்து என் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அத்தனை நாளில் அது தானாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தரம். நீ தொலைபேசியை வைத்தபிறகு ஜிம்மியைப் பார்த்து, "ஒண்டுமில்லை, போ" என்றேன்.

சொல்லிவிட்டுத் திகைத்துப்போய் நின்றேன். ‘என்ன’, ‘ஒண்டுமில்லை.’ இந்த இரண்டையும் இதே மாதிரி ஒருநாள் நான் சொல்லியிருக்கிறேன்.

சண்டையின் கடைசி நாட்கள், நீ அப்போது சின்னப்பிள்ளை. சோற்றுப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு என் பின்னால் தண்ணீருக்குள் நடந்து வந்தாய். நெஞ்சளவு தண்ணீர். அக்கரையில் அணையின் மேல் ஒரு ஆமிக்காரன் துவக்கோடு நின்று கையை ஆட்டி, "என்ன! என்ன!" என்று கத்தினான். கொண்டுவருவது என்ன என்று கேட்கிறான் என்று நினைத்து, இரண்டு கையையும் தூக்கி, "ஒண்டுமில்லை ஐயா! எங்களிட்ட ஒண்டுமில்லை!" என்று கத்திக்கொண்டு நட்ட கட்டையாக நின்றுவிட்டேன். அவன் இன்னும் உரத்து "என்ன" என்கிறான், நான் இன்னும் உரத்து ஒண்டுமில்லை என்கிறேன். பின்னால் வந்த ஒரு கிழவர்தான் என் முதுகில் குத்தி, "வரச் சொல்லுறான், நடவடா மடையா" என்றார். சிங்களத்தில் ‘என்ன’ என்றால் ‘வாங்கோ’ என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். முகாமுக்குப் போய் நாலைந்து நாள் கழித்து அம்மா அதை நினைத்துச் சிரிக்கத் தொடங்கினா. "கூப்பிட்டவனுக்கு இவர் கணக்குக் காட்டிக்கொண்டெல்லோ நிண்டவர்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

வளவின் மற்றத் தொங்கலுக்கு, வேலிக்கரை வரை, போனேன். திரும்பி நின்று, மெதுவாக, "என்ன" என்றேன். ஜிம்மி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தது. உடனே சுகந்திக்கு எடுத்துக் கேட்டேன், இந்த நாயை எங்கே பிடித்தாய் என்று. சொன்னாள். பக்கத்து ஊரில் சனத்தின் காணியில் இருந்த ஆமி முகாமை எடுத்துக்கொண்டு போனார்களே, அங்கே நின்றது. ஆட்கள் லொறியில் ஏறிப் போய்விட்டார்கள், நாய்கள் வாசலடியில் நின்றுவிட்டன. "சொன்னா ஆரும் எடுக்க மாட்டினமெண்டு சொல்லேல்ல ஐயா" என்றாள்.

உன்னிடம் மறைக்கப்போவதில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் வளவுக்குள், அம்மா வைத்த வேப்பமரத்துக்குக் கீழே, அவர்களுடைய மொழியில் மட்டும் எழுந்து வருகிற ஒன்று. கொண்டுபோய் விடுவதற்கு இப்போது நல்ல காரணமும் கிடைத்துவிட்டது. பெட்டியும் கட்டியபடியே இருந்தது. ஜிம்மியோ என் காலடியில் குந்தியிருந்தது. கூப்பிட்டுவிட்டு ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று கேட்பது போலிருந்தது அதன் பார்வை. இத்தனை நாளும் அதற்குத் தெரியாத மொழியில் வா, இரு, தின், கத்தாதே என்று அதட்டியிருக்கிறேன். சொல் புரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெட்டியை அவிழ்த்தேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை.

அடுத்த நாள் மில்லுக்குத் தம்புள்ளையிலிருந்து லொறி வந்தது. அந்தச் சாரதிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். நாய்க்கு, நான் வரும்வரை நில் என்று சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "ஐயா வீட்ல சிங்கள நாயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து சொல்லித் தந்தார். ‘மம எனகங் இன்ன.’ நான் வரும்வரை இரு. மெஷின் சத்தத்துக்குள் நின்று நாள் முழுக்க மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த அக்கறை இருந்திருந்தால் உன் அப்பன் இன்றைக்கு ஒரு கந்தோரில் கதிரையில் இருந்திருப்பான்.

விடிய, சங்கிலி போடாமல், பூட்டாமல், நான் உடுத்துகிற பழைய சாரம் ஒன்றை வாசலில் விரித்து, அதன்மேல் இருத்தி, "மம எனகங் இன்ன" என்றேன். ஜிம்மி நடுங்கியது. அது ஏன் என்று மில்லுக்குப் போகும் வழியில்தான் விளங்கியது. லொறியில் ஏறிப் போனவர்களும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள்? வாசலடியில் இருத்தி, நான் வரும்வரை இரு என்று. பொய் சொல்லவேண்டும் என்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாயிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அந்தச் சொல் பொய்யாகிக் கிடந்தது, அதை நான்தான் மெய்யாக்க வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினேன். பின்னேரம் சந்தியில் நின்று கதைப்பதை விட்டேன். சொன்னேன், வந்தேன், சொன்னேன், வந்தேன். ஊளை ஒரே நாளில் நிற்கவில்லை. ஆடி முடியும்போதுதான் நின்றது. இப்போது நான் சொன்னதும் சாரத்தில் போய்ப் படுத்துவிடுகிறது. சில நாள் நான் படலையைத் தாண்டுமுன்பே நித்திரை. கொஞ்சம் மனவருத்தமாகக்கூட இருக்கிறது.

நல்லதாகவே எல்லாவற்றையும் சொல்லக்கூடாது. நான் சிங்களத்தில் சொல்வது ஒருநாள் றீற்றா அன்ரிக்குக் கேட்டுவிட்டது. வளவுக்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று பயந்து வேலியடிக்கு ஓடிவந்தா. நான் உள்ளதைச் சொன்னேன். அவா ஜிம்மியைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. நான் ஏச்சை எதிர்பார்த்தேன். அவா கேட்டது வேறு. "அப்ப அண்ணை, இது அங்க ஆரையும் கண்டிருக்குமோ? என்ர மூத்தவனை?" அவனை உனக்கு நினைவிருக்கும், உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன். சண்டை முடிந்தபோது, சரணடையச் சொன்ன இடத்தில் தன் கையால் அவனை ஆமியிடம் ஒப்படைத்தவா அவா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா. நான், "றீற்றா, இது நாலு வயசு நாய்" என்றேன். "ஓம், ஓம். சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனா. அதற்குப் பிறகு அவா எங்கள் படலைக்குள் வருவதில்லை. வேலிக்கு அப்பால் நின்று இரண்டு சொல் கதைப்பா, போய்விடுவா. நாயைக் குறை சொல்வதுமில்லை. ஒரு நாயை எடுத்ததில் எனக்கு ஒரு வாய் கிடைத்தது, ஒரு வாய் போய்விட்டது. அவாவிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பாவமில்லை, தம்பி. எடுங்கள். வேலைக்குப் போகிறவன் நாய் வளர்க்கக்கூடாது என்றால் உலகத்தில் பணக்காரன் வீட்டிலும் பைத்தியக்காரன் வீட்டிலும்தான் நாய் இருக்கும். தனிமை அதைக் கொல்லாது. இவன் வருவானா மாட்டானா என்று தெரியாமல் கிடப்பதுதான் கதவைக் கிழிக்கவைக்கும். எடுக்கிற கிழமை இரண்டு பேரும் லீவு போடுங்கள், ஆனால் அந்த நாட்களிலேயே வெளியே போய்ப் போய் வந்து பழக்குங்கள். உங்கள் இருவரில் ஒருவர் மத்தியானம் ஓடிவர முடியாது என்றால் ஒரு ஆளுக்குச் சொல்லிவையுங்கள். முன்பு இருந்த வீட்டில் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். காப்பகத்துக்குத் தெரியாவிட்டால் கேட்டுத் திரியுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். பேனையை மூடியும் வைத்தேன். ஆனால் மேலே எழுதியதெல்லாம் நல்ல அப்பன் எழுதியது. இனி எழுதுவது தன்னலம் பிடித்தவன் எழுதுவது. நீ கேட்ட அன்றைக்கு நான் யோசிச்சுச் சொல்லுறன் என்று தப்பியதற்கு இதுதான் காரணம்.

முதலில் உனக்கு விசா சரிவரவில்லை. அம்மாவின் செத்தவீட்டை நீ தொலைபேசியின் சின்னக் கண்ணாடிக்குள்தான் பார்த்தாய், அது உன் குற்றமில்லை. பிறகு விசா வந்தது, வேலை விடவில்லை. பிறகு கலியாணம், பிறகு வீடு. எல்லாம் உண்மையான காரணங்கள், ஒன்றைக்கூட நான் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அனுபவத்தில் சொல்கிறேன், நாய் வைத்திருக்கிறவன் ஒரு இரவு எங்கும் தங்க முடியாது. சுகந்தியின் தங்கையின் கலியாணத்துக்கு வவுனியாவுக்குப் போய்விட்டுத் தாலி கட்டினதும் சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்தவன் நான். நீங்கள் அந்த நாயை எடுத்துவிட்டால், அப்பாவைப் பார்க்க வராமல் இருப்பதற்கு உங்களுக்கு இன்னுமொரு உண்மையான காரணம் கிடைத்துவிடும்.

ஆகவே, நாயை எடுப்பதற்கு முதல் ஒருக்கா வந்துவிட்டுப் போ.

அப்பா